போன் பிடிக்கிறவள்

இன்றைக்கும் சொல்லமாட்டான். நெற்றியைப் பார்த்தாலே தெரிகிறது, சொல்லப்போகிறவனுக்கு நெற்றி இப்படி வழவழவென்று இருக்காது. கெசியா கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, முழங்கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி, இரண்டு கையாலும் போனைப் பிடித்திருந்தாள். போனுக்குள் அவள் புருஷன் தேவசித்தம். கண்ணைக் கொஞ்சம் தூக்கினால், ஆறடி தள்ளி, அதே தேவசித்தம், ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட நீலப் போர்வைக்கு முன்னால் நின்று கைகளால் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தான். கட்டின புருஷனை, அதுவும் ஊழியக்காரரை, அவன் இவன் என்கிறாளே என்று ஊரில் தெரிந்தால் வாயில் கை வைப்பார்கள். வாயால் சொல்லவில்லையே, மனசுக்குள்தானே. மனசுக்குள் பத்தொன்பது நாளாக அவன்தான், அதற்கு முந்திவரைக்கும் அவுக. புயலில் மாட்டின படகைப் பற்றிய பிரசங்கம். வலது கை படகு, இடது கை கடல், கடல் எழும்பி எழும்பிப் படகின் வயிற்றில் அறைகிறது, அவன் கன்னம் காற்றாய் உப்புகிறது. நன்றாகத்தான் செய்கிறான், அதுதான் ஆத்திரம். பத்து விரலில் ஒரு கடலையே கொண்டுவரத் தெரிந்தவனுக்கு, வியாழக்கிழமை நாங்கள் போகிறோம் என்று மூன்று சொல்லைக் கொண்டுவரத் தெரியாதா. மூன்றே சொல். உள்ளறையில் தூங்குகிற ரூபிக்கு வயது மூன்று, அவளை எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் அவள் சொல்லிவிடுவாள், வாயால் பேசும் முன்பே கையால் பால் கேட்ட பிள்ளை.

போனின் மேல்விளிம்பில் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சபை உட்கார்ந்திருந்தது. பதினெட்டுக் கட்டம். கென்யாவில், இந்த ஏரிக்கரை ஊரில், காது கேளாதவர்களுக்கென்று இருக்கிற ஒரே சபை. சபை கூடுகிற தகரக் கூரைக் கூடத்தைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது. தொற்றுநோய் வந்ததும் சபை இப்படிப் போனுக்குள் குடிவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவன் போர்வை கட்டுவான், இவள் போன் பிடிப்பாள். போன் வைக்கிற மூன்றுகால் தாங்கியில் ஒரு காலை ரூபி ஒடித்துவிட்டாள், அன்றிலிருந்து இவள்தான் தாங்கி. நாற்பது நிமிஷம் ஆடாமல் அசையாமல் பிடிக்க வேண்டும், போன் ஆடினால் கை மங்கும், கை மங்கினால் அவர்களுக்குப் பேச்சே போயிற்று. போன் பிடிக்கிறவளுக்குக் கை இல்லை, கை இல்லாதவளுக்கு இந்தச் சபையில் வாய் இல்லை. அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை, வேறொன்றுமில்லை. போன ஞாயிறும் அதனால்தான், அதற்கு முந்தின ஞாயிறும். அவன் சொல்லட்டும், அவன்தானே போதகர். அவனிடம்தானே செயலாளர் ஐயா பேசினார். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம், சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்பீக்கரில் போட்டு, ஊரிலிருந்து, இவர்களை இங்கே அனுப்பின ஊழிய சங்கத்தின் குரல் அடுப்படிவரை வந்து நின்றது. “தம்பி, இருபத்திமூணு நாள் கழிச்சு நம்ம ஆளுகளக் கூட்டிட்டுப் போக பிளேன் வருது, மூணு சீட்டு கெடச்சிருக்கு, இது கர்த்தர் செஞ்ச காரியம். ஜனங்கள்ட்ட இப்பமே சொல்லிக் கலங்கடிக்காண்டாம், கேட்டேளா. பாவம், அந்த ஜனங்களுக்கு வெளங்காது. கடைசில சொல்லிக்கிடலாம்.” வெளங்காதாம். அவர்களுக்கா வெளங்காது. கடைக்காரன் கண்ணிமை அசைவதை வைத்து அவன் எடைக்கல்லில் என்ன செய்தான் என்று கண்டுபிடிக்கிற ஜனங்கள். சரிங்கய்யா என்று இவனும் தலையை ஆட்டினான், போனில் பேசுகிறவருக்குத் தலை தெரியுமா, இருந்தும் ஆட்டினான். அன்று ராத்திரி, “ஏங்க, அகெல்லோட்டயாவது சொல்லணும்லா” என்று இவள் கேட்டதற்கு, “சொல்லுதேன்ட்டி, ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் சேத்துச் சொல்லுதேன்” என்றான். ஞாயிறு வந்தது. போயிற்று. “ஏட்டி, இன்னைக்குப் பிரசங்கம் உருக்கமா போச்சு, அதுல போயி இத எப்படிச் சொல்ல? அடுத்த வாரம்.” “அடுத்த வாரம் நீங்க போர்வையத்தான் அவுப்பீங்க.” “வம்புக்கு வராத கெசியா.” வம்பாம்.

அகெல்லோ மூன்றாவது கட்டத்தில் இருந்தாள். தக்காளிக் கூறு வைத்து விற்கிறவள், முகத்தைப் போனுக்கு ரொம்பக் கிட்டே வைத்துக்கொள்வாள், எப்போதும் நெற்றியும் கண்ணும்தான் கட்டத்தை நிறைக்கும், பக்கத்தில் அவள் புருஷன் ஒகுமுவின் தோள். ஒகுமு தச்சன், அவனுக்கும் காது கேட்காது. கட்டத்தில் தெரியாதது அவள் வயிறு. எட்டு மாதம் முடிந்துவிட்டது. இந்த ஊர்க் கைமொழியைக் கெசியாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அகெல்லோதான், நாலு வருஷத்துக்கு முன்னால், தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில். பழுத்தது, காய், அழுகினது, ஏமாற்றுக்காரன், போடா. இந்த வரிசையில்தான் கெசியா பாஷை படித்தாள். பேர் வைத்ததும் அவள்தான், முன்பல் சந்தை ஒரு விரலால் தட்டினால் கெசியா. எனக்கு இருக்கிற சந்தில் உங்க ஊர் மாட்டுவண்டியே போகும் என்று கெசியா சொன்னபோது அகெல்லோ கூடையில் கையை ஊன்றிக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள், தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று தெரியாத சிரிப்பு. அந்த அகெல்லோ ஒருநாள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து முதல் பிரசவத்தைச் சொன்னாள். இவர்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தின வருஷம். ஆஸ்பத்திரியில் ஆட்கள் அவள் தலைக்குமேல் பேசிக்கொண்டார்கள். வண்டியில் படுக்கவைத்துத் தள்ளினார்கள், எங்கே என்று கேட்டாள், யாருக்கும் கை தெரியாது. முழித்தபோது வயிற்றில் தையல். பிள்ளை எங்கே என்று இரண்டு கையையும் தொட்டிலாக ஆட்டிக் கேட்டாள், தாதி தோளைத் தட்டிக்கொடுத்தாள். மார் கட்டிக்கொண்டு பால் ஒழுகியது. ஒகுமுவுக்கும் யாரும் சொல்லவில்லை. அவன் அண்ணன், காது கேட்கிறவன், வந்தான். அவனிடம் கேட்டாள், அப்புறம் அப்புறம் என்று கையை விசிறினான். அப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் அந்த அண்ணன் கட்டில் ஓரம் நின்றபோது அவன் செருப்பைப் பார்த்தாள். ஈரச் செம்மண். ஊரில் மழையே இல்லை, பின்னே எங்கே தோண்டினான். இதைச் சொன்னபோது அகெல்லோ அழவில்லை. செருப்பைக் காட்டுகிற கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்தப் பிள்ளை. இந்தத் தடவை என்கூட நீ வா என்று கேட்டாள். நோய்க் காலம், துணைக்கு ஒரே ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். ஒகுமு எழுந்து நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, இவளைக் காட்டி, என் இடத்தை நீ எடுத்துக்கொள் என்றான். ஒரு ஆம்பிளை, பிள்ளை பிறக்கிறதைப் பார்க்கிற இடத்தைத் தூக்கி இவளுக்குக் கொடுத்தான். இவளும் வாங்கிக்கொண்டாள். வருகிறேன் என்றாள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது பிரசவத்துக்கு, இன்னும் நாலே நாள் இருக்கிறது வியாழக்கிழமைக்கு, அவன் கடலில் இன்னும் படகையே ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுப்படியில் குக்கர் ஒரு விசில் விட்டது. சிவப்பு அவரைக்கொட்டைக்கு ஏழு விசில், இந்த ஊர்க் கொட்டை ஆறில் வேகாது, எட்டில் கூழாகும். அவன் கைகள் விசிலுக்கு ஒரு துளி தயங்கித் தொடர்ந்தன, பதினெட்டுக் கட்டத்தில் ஒரு கட்டமும் தயங்கவில்லை. சத்தத்தைப் பற்றி நினைத்தாலே செயலாளர் ஐயா கேட்ட வீடியோதான் ஞாபகம் வருகிறது. கிளம்புமுன் சபையை ஒரு வீடியோ எடுத்து வரவேண்டுமாம். “அவங்க சைகைல பாட்டுப் படிக்க மாதிரி எடுங்க தம்பி, பின்னால நம்ம வாலிபப் பிள்ளைகள வச்சி வயலின் போட்டுக்கிடலாம், பாக்குதவங்க கண்ணு கலங்கணும்.” காது கேட்காதவர்கள் பாட்டுக்கு வயலின். ஒகுமு அந்த வீடியோவைப் பார்த்தால் என்ன கேட்பான், எங்கள் கைகளுக்குப் பின்னால் என்ன ஓட்டியிருக்கிறீர்கள் என்று கேட்பான், அதற்கு என்ன சொல்ல, பரிதாபம் ஓட்டியிருக்கிறோம் என்றா. சங்கத்தின் மாதப் பத்திரிகையில் இவர்கள் படத்துக்குக் கீழே இருளில் வாழும் ஊமை ஜனங்கள் என்று போட்டிருந்தார்கள். படத்தில் ஒகுமு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான், பின்னால் பட்டப்பகல் வெயில். அம்மாவும் அப்படித்தான். நேற்றுக்கூடப் போனில், “அந்த ஊமப் பிள்ளைகளக் கர்த்தர் பாத்துக்கிடுவாரு, நீ எம் பேத்தியக் கொண்டாந்து சேரு” என்றாள். “ஊமன்னு சொல்லாதம்மா.” “பின்ன என்னன்னு சொல்ல?” “அகெல்லோன்னு சொல்லு, ஒகுமுன்னு சொல்லு, பேரு இருக்குல்லா.” “ஆமா, வாய்க்குள்ள நொழையாத பேரு. பிள்ளைக்கு இளப்பு எப்படி இருக்கு, அதச் சொல்லு.” அதைச் சொல்லு. அங்கேதான் மாட்டும், எப்போதும் அங்கே வந்துதான் மாட்டுகிறது. ஏனென்றால் இளைப்பு. ரூபிக்கு இளைப்பு. பிறந்ததிலிருந்து உண்டு, மழைக் காலத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம், ஆவி பிடிக்கிற மெஷினுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இப்போது ஓடினால் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை, நோய்க்காரர்கள் இருமிக்கொண்டு, யார் பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்துவது. அதனால்தான் போகிறோம். சங்கம் கூப்பிட்டது, பிள்ளைக்கு இளைப்பு, பிளேன் வருகிறது. இதில் யாரும் தப்பு சொல்லமுடியாது. அகெல்லோகூடச் சொல்லமாட்டாள், அவளும் தாய்தானே, சொன்னால் புரிந்துகொள்வாள். சொன்னால். சொல்லாமல் எப்படிப் புரிந்துகொள்வாள், அவன் வாயைத் திறந்தால், கையைத் திறந்தால்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை. சோற்றுக் கஞ்சி கையில் கொட்டியும் வலிக்கவில்லை அவளுக்கு. மூன்று சீட்டு என்று காதில் விழுந்ததும் என்ன செய்தாள், பானையை இறக்கிவைத்துவிட்டு ரூபியைத் தூக்கிச் சுற்றினாள். ஆச்சி வீட்டுக்குப் போவமா, தேரிக்காட்டு மணல்ல வெளையாடுவமா. நாலு வருஷமாய்ப் பார்க்காத அம்மா முகம், கருவாட்டுக் குழம்பு, தன் பாஷையில் ஒரு ஆளோடு மனசு விட்டுச் சண்டை போடுகிற சுகம். அகெல்லோ ஞாபகமே வரவில்லை. முழுசாக ஒரு மணி நேரம் வரவில்லை. அது வேண்டாம். அதை இப்போது நினைக்க வேண்டாம். போனை நேராகப் பிடி. ஆளைப் பார், கடல் அமர்ந்துவிட்டது, உள்ளங்கை தட்டையாக, பெரிய அமைதி, எவ்வளவு அழகாக அமைதி செய்கிறான், இவன் சமாளிக்கிற எல்லாச் சண்டையிலும் இந்த அமைதிதான். சாயங்காலம் அகெல்லோ வாசல் கேட்டுக்கு வருவாள், தினமும் வருகிறாள், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பதற்குக் கெசியா சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறாள், அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவள். முகக்கவசம் போட்டால் இவர்களுக்குப் பாதி பேச்சுப் போய்விடுகிறது, கை பாதி என்றால் முகம் பாதி. அதனால் கெசியா ஊரிலிருந்து கொண்டுவந்த சேலைகளின் கண்ணாடிக் கவரை வெட்டி, வாய் தெரிகிற மாதிரி கவசம் தைத்துக்கொடுத்தாள், இருபத்தாறு கவசம். மூச்சுப் பட்டு மங்காமலிருக்க உள்பக்கம் சோப்புத் தடவித் துடைக்க வேண்டும். சந்தை வாசல் காவல்காரன் ஒகுமுவை நில் என்று பின்னாலிருந்து கத்தி, நிற்கவில்லை என்று கம்பால் முதுகில் போட்டானே, அதற்கு மறுநாள் தைக்க உட்கார்ந்தவள், மூன்று நாள் மெஷினை விட்டு எழும்பவில்லை. அதையெல்லாம் யார் செய்தார்கள், அவனா செய்தான். இவள்தான் செய்தாள். அகெல்லோவும் இவளும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று அரைமணி நேரம் பேசுவார்கள், வீங்கின கால், தக்காளி விலை, குழந்தை புரளுகிறது, உன் அவரைக்கொட்டை கருகுகிறது போய்ப் பார். பத்தொன்பது சாயங்காலம். சரி, ஒரு சாயங்காலம் மழை, பதினெட்டு. பேச இரண்டு கையும் இருந்தது அப்போது. ஆனால் கணவன் முடிவை மனைவி முந்திக்கொண்டு சொல்லலாமா, சபை விஷயமில்லையா, போதகர்தானே சொல்ல வேண்டும். அவன் சொல்லட்டும். அவன்மேல்தான் கோபம், அவன் ஒருத்தன் மேல்தான்.

நாலாவது விசில். நெட்வொர்க் விக்கிற்று, கட்டங்களில் ஆட்கள் அப்படியே கல்லாய் நின்றார்கள், ஒருத்தியின் கை தலைக்கு மேலே, ஒரு கிழவரின் விரல் காதோரம், அகெல்லோவின் கண் பாதி மூடி. பிறகு எல்லாரும் ஒன்றாக உயிர்பெற்றார்கள். பிரசங்கம் முடிந்திருந்தது. அறிவிப்பு. இப்போது. கெசியாவின் முழங்கை தானாக விறைத்தது. தேவசித்தம் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். செவ்வாய்க்கிழமை சோப்பும் மாவும் கொடுக்கப்படும், கூட்டமாக வராதீர்கள், ஆளுக்கு ஆள் பத்து நிமிஷம் விட்டு வாருங்கள். கவசத்தைத் துவைத்து வெயிலில் போடுங்கள், அடுப்புப் பக்கம் போடாதீர்கள், கவர் சுருங்கும். ஐந்தாவது விசில். அப்புறம் அவன் ஒரு நொடி சும்மா நின்றான், அவள் மூச்சைப் பிடித்தாள், நெற்றி இப்போது வழவழப்பாக இல்லை, சுருங்கியது, சொல்லப்போகிறான், கர்த்தாவே சொல்லப்போகிறான். இரண்டு கையும் மேலே போயின. விரல்கள் விரிந்தன. ஆசீர்வாதம். முடிவு ஆசீர்வாதத்தைத் தொடங்கிவிட்டான் பாவி.

“ஏங்க” என்றாள் சத்தமாக. இந்த நாற்பது நிமிஷத்தில் அந்த வீட்டில் எழுந்த முதல் மனிதக் குரல் அது. அவன் காதில் விழுந்தது, கை நிற்கவில்லை. “ஏங்க, சொல்லுங்கங்கேன்.” கண் மட்டும் போனுக்கு மேலே எழும்பி அவளிடம் வந்தது. வேண்டாம் என்று தலை இம்மியளவு அசைந்தது. அவ்வளவுதான் அசைந்தது, பேசுகிறவர்கள் சபையாக இருந்தால் ஒருத்தரும் கவனித்திருக்கமாட்டார்கள். மூன்றாவது கட்டத்தில் நெற்றியும் கண்ணும் பின்னால் நகர்ந்தன, முகம் முழுக்கத் தெரிந்தது, அகெல்லோ கையை உயர்த்தி ஆட்டினாள். யாரைப் பார்த்து வேண்டாம் என்கிறாய்? திரை இவள் பக்கம், அவர்கள் கேட்பதையெல்லாம் இவள்தான் வாயால் அவனுக்குச் சொல்ல வேண்டும், சொன்னாள். தேவசித்தம் சிரித்தான், ஒன்றுமில்லை என்றான். அடுத்த கட்டத்திலிருந்து கிழவர், ஏதோ இருக்கிறது என்றார். ஒகுமுவின் தோளுக்கு மேல் தலை முளைத்தது, என்ன, என்ன? ஒன்றுமில்லை, பிள்ளை அழுகிறாள் என்றான் தேவசித்தம். பொய். கைகளால் சொன்ன பொய், கடலையும் படகையும் செய்த அதே கைகளால், எழுத்துப்பிழை இல்லாமல். அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எழுந்தாள், வாளி உருண்டது, போனை மேஜையில் மாவுப் பையில் சாய்த்து நிறுத்தினாள், காமிராவைத் தன் பக்கம் திருப்பினாள், திரையில் பெரிதாய்த் தன் முகம், வியர்த்து, முடி கலைந்து, பல் சந்து தெரிய. “ஏட்டி, இப்ப வேண்டாம், சொன்னாக் கேளு” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வரட்டும். வியாழக்கிழமை, என்றாள் கைகளால். நாங்கள் மூன்று பேர். விமானம். எங்கள் ஊருக்கு.

பதினெட்டுக் கட்டமும் அசையவில்லை. நெட்வொர்க்தான் போயிற்றோ என்று பார்த்தாள், ஒகுமு கண்ணிமைத்தான், போகவில்லை. அகெல்லோ ஏன் என்று கேட்பாள், இளைப்பைச் சொல்ல வேண்டும், சங்கத்தைச் சொல்ல வேண்டும், எல்லாம் வரிசையாக விரல் நுனியில் நின்றது. அகெல்லோ ஏன் என்று கேட்கவில்லை. உனக்கு எப்போது தெரியும், என்றாள். கெசியாவின் வலது கை பாதி எழும்பிற்று, பக்கத்தில் வந்து நின்றவனைக் காட்டுவதற்கு, இவன்தான், இவன்தான் சொல்லவில்லை என்று. பாதியில் நின்றது, ஏனென்றால் கேள்வி இவனைப் பற்றியதில்லை. தேவசித்தம் முந்திக்கொண்டு, தப்பு என்னுடையது என்றான். உன்னைக் கேட்கவில்லை, என்றாள் அகெல்லோ, அவனைப் பார்க்காமலேயே. பல் சந்தைத் தட்டினாள். நீ. எப்போது. பத்தொன்பது நாள், என்று சொன்னாள் கெசியா. சொல்ல ஒரு நொடி ஆகவில்லை.

அகெல்லோ ஒரு பேரைச் சொன்னாள். கன்னத்துக் குழியில் விரல். ஆவினோ. அவள் தங்கை. காது கேட்கிறவள், சின்ன வயசிலிருந்து அக்காவுக்காகக் கை படித்தவள், அந்தக் குடும்பத்தில் கை தெரிந்த ஒரே ஆள்; இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்து கெசியா வீட்டுத் தரையில் படுத்து, கெசியா கையால் தோசை தின்று, இவள் கை பேசுகிற விதம் தக்காளிக் கடைக்காரி மாதிரி இருக்கிறது என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனவள். ஆவினோ வந்திருப்பாள், என்றாள் அகெல்லோ. நீ வருகிறேன் என்றாய், அதனால் வரவேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் மாவட்டத்துச் சாலையைப் பத்து நாளைக்கு முன்னால்தான் அடைத்தார்கள். விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஒன்பது நாள் இருந்தது. ஆறாவது விசிலோ ஏழாவதோ, கெசியாவுக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. ஆவினோ. அந்தப் பெண்ணை இந்தப் பத்தொன்பது நாளில் ஒரு தடவை நினைக்கவில்லை அவள். அகெல்லோவுக்காகக் கொதித்தாள், தூங்காமல் புரண்டாள், ஜெபித்தாள், புருஷனை அவன் ஆக்கினாள், ஆனால் தன்னை விட்டால் அவளுக்கு வேறு ஆள் இருக்கும் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை, கை கொடுக்க வந்தவள் தான் ஒருத்திதான் என்று, கடல் தாண்டி அனுப்பப்பட்டவள் என்று, நான் போனால் இவள் கதி என்ன என்று நினைக்கும்போதே உள்ளுக்குள் இனித்த ஒன்று, அதைக் கோபம் என்று பேர் வைத்து ஊட்டி வளர்த்திருக்கிறாள். திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாயிருக்கும், தக்காளிக் கடையில் சொல்லிக்கொடுத்தாளே, ஏமாற்றுக்காரி, போடி, எல்லாம் இவளுக்குத் தெரிந்த சொற்கள்தான்.

திட்டவில்லை. அகெல்லோவின் முகம் பக்கவாட்டில் திரும்பியது, கட்டங்களில் கைகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. கிழவர், எனக்கு லாரி ஓட்டுகிற மருமகன் இருக்கிறான், மருந்து லாரி, அடைத்த சாலையிலும் விடுவார்கள் என்றார். ஆவினோவுக்கு அனுமதிச் சீட்டு யார் எழுதிக் கேட்பது. என் பக்கத்து வீட்டு வாத்தியார் எழுதுவார். கிடைக்காவிட்டால்? கிடைக்காவிட்டால் ஒகுமுதான் உள்ளே போகவேண்டும், இரண்டு பேருக்கும் காது கிடையாது, அப்போது என்ன செய்ய. “நானும் ஏதாச்சும் சொல்லட்டுமா?” என்று தேவசித்தம் மெதுவாகக் கேட்டான், அவளிடம், வாயால். “பேசாம இரிங்க” என்றாள். கையை உயர்த்தி ஆட்டினாள், எனக்கும் ஒரு வார்த்தை என்று. ஒருத்தரும் இந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை. மறுபடி ஆட்டினாள். குக்கர் விடாமல் கத்தியது, தேவசித்தம் போய் அணைத்தான். அவள் ஆட்டிக்கொண்டேயிருந்தாள், தோள் வலிக்கும்வரை, நான் இருக்கிறேன் என்று சொல்லவா, பிள்ளையை அவரோடு அனுப்பிவிட்டு நான் இருக்கிறேன் என்று சொல்லவா, அதைச் சொல்ல முடியுமா, ரூபியின் நெஞ்சுச் சத்தம் ராத்திரி யார் கேட்பது, சொன்னால் நம்புவார்களா, வருகிறேன் என்று ஏற்கெனவே ஒரு தடவை சொன்னவள்தானே.

கடைசியில் அகெல்லோ திரும்பினாள். முகம் பக்கத்தில் வந்தது, நெற்றியும் கண்ணும். அட்டை இருக்கிறதா, என்றாள். எது? தடித்த அட்டை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் காட்டுவதற்கு. உனக்கு அவர்கள் எழுத்து தெரியும், எழுது. கெசியா மேஜைக்குக் கீழே கிடந்த ரொட்டிப் பெட்டியைக் கிழித்தாள், அவசரத்தில் கோணலாகக் கிழிந்தது, ரூபியின் கலர்ப் பேனாவை எடுத்தாள், கறுப்பு. சொல். அகெல்லோ யோசிக்கவில்லை, ரொம்ப நாளாகவே தயாராக வைத்திருந்த மாதிரி ஒவ்வொரு சொல்லாக, இவளுக்குப் புரியும் வேகத்தில் சொன்னாள். என் பிள்ளை உயிரோடு இருக்கிறதா. இப்போதே காட்டுங்கள். கெசியா எழுதினாள். அட்டையைத் தூக்கிப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

அகெல்லோ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு காட்டுவேன், அவர்கள் கதவுப் பக்கம் நிற்பார்கள், என்றாள். அங்கேயிருந்து இது கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக எழுது.

அட்டையின் மறுபக்கத்தைத் திருப்பி எழுதிப் பிடித்தாள்.

இன்னும் பெரிதாக, என்றாள் அகெல்லோ.